தெளிந்த நீரில் தூண்டில்

தியானப் பகுதி: யாக்கோபு 1:12–15, லூக்கா 14:28–30



"கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பது" என்னும் வழக்கை நீங்கள் அறிவீர்கள். பிறருடைய குழப்பத்தில் தன் ஆதாயத்தைத் தேடுகிறவனைக் குறித்து அவ்வாறு சொல்லுகிறோம். தெளிந்த குட்டையில் மீன் பிடிப்பவனைக் குறித்து எவரும் பழமொழி சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாம் வெளிச்சமாய்த் தெரியும் இடத்தில் யார் ஏமாறப்போகிறார்கள் என்று நாம் எண்ணிக்கொள்ளுகிறோம் போலும். கடந்த ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் அவ்வெண்ணம் தவறு என்று கண்டேன். அன்று கண்டதையும், அதற்குப் பின் நான் செய்யவேண்டியிருந்ததையும் இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதில் நான் செய்த ஒரு தவறும் அடங்கியிருக்கிறது. பொறுமையோடு வாசியுங்கள்.

நான் இரும்புலியூரில் வளர்ந்தவன். பள்ளி விடுமுறை நாட்களில் என் சித்தப்பா என்னை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வார். எங்களிடம் இருந்தவை ஒரு மூங்கில் கோல், பத்து முழ நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, ஒரு தூண்டில் முள், தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு. ஜிலேபியும் கெளுத்தியும் கிடைக்கும்; அபூர்வமாக ஒரு விரால். நீர் எப்போதும் தேநீர் நிறத்தில் இருக்கும். முள் தெரியாது, நரம்பு தெரியாது, கரையில் நிற்கும் எங்களையும் மீனுக்குத் தெரியாது. புழுவின் வாசனை போதும். ஆகவே மீன் பிடிப்பது என்றால் காத்திருப்பது என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

நம் சபையின் வாலிபர் ஒருவர் அந்த எண்ணத்தை மாற்றினார். வாரநாட்களில் கணினி நிறுவனத்தில் வேலை. சனிக்கிழமை விடியுமுன் தூண்டிலோடு புறப்பட்டுவிடுவார். தாம் பிடித்த பெரும்பாலான மீன்களை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறவர். "ஒருநாள் வாங்க ஐயா, பிரசங்கத்துக்கு ஆகும்" என்று பலமுறை அழைத்தார். கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆராதனைகளின் அலுப்பு தீர்ந்தபின் ஒருநாள் அவரோடு சென்றேன்.

அவர் அழைத்துச் சென்றது தாம்பரத்திற்குத் தெற்கே கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக் குட்டைக்கு. பல்லாவரம், திரிசூலம் தொடங்கி நம் பகுதியெங்கும் உள்ள கருங்கல் குன்றுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாறை வகைக்குப் புவியியலார் சார்னகைட் என்று பெயரிட்டார்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல் அவ்வகையைச் சேர்ந்ததால் வந்த பெயர் அது. பல தலைமுறைகளாக அக்கல்லை வெட்டி எடுத்த பள்ளங்களில் இன்று மழைநீர் நிற்கிறது. அடியிலும் பக்கங்களிலும் பாறை. வண்டல் கொண்டுவரும் வாய்க்கால் இல்லை. மழை ஓய்ந்து சில வாரங்கள் சென்றால் நீர் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். 2017ஆம் ஆண்டின் வறட்சியில் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் குவாரிகளின் நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராக அளித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

நாங்கள் சென்ற இடத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். தெளிந்த நீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும். இடுப்பளவு என்று தோன்றும் இடத்தில் பனைமர ஆழம் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு குட்டையில் நீந்தப்போய்த் திரும்பாத பிள்ளைக்கு அடக்க ஆராதனை நடத்தியவன் நான். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளை அந்த நீரில் இறங்க விடாதிருங்கள்.

அந்த வாலிபர் தம் பெட்டியைத் திறந்தபோது நான் திகைத்தேன். மண்புழு ஒன்றுகூட இல்லை. அறை அறையாகப் பொய்யிரைகள்: வெள்ளிநிறக் கெண்டைக் குஞ்சு, பழுப்புநிறத் தவளை, கரண்டிபோல் வளைந்த உலோகத் தகடு, மிருதுவான ரப்பர்ப் புழு. சிவப்பும் மஞ்சளுமாய்ப் பளபளத்த ஒன்றை நான் எடுத்தேன். "இது இங்கே ஆகாது ஐயா, கலங்கின தண்ணிக்கு" என்று வாங்கி உள்ளே வைத்தார். அன்று காலை அவர் கற்பித்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். அவை இல்லாமல் பின்வருவது விளங்காது.

கலங்கிய நீரில் மீன் கண்ணால் வேட்டையாடுவதில்லை. தன் உடலின் இரு பக்கங்களிலும் ஓடும் உணர்வுக் கோட்டினால் அதிர்வை அறிந்து பாய்கிறது. அங்கே பகட்டு நிறமும், கிலுகிலுக்கும் ஓசையும், பெரிய அசைவும் வேண்டும். தெளிந்த நீரில் மீன் பார்க்கிறது, பார்த்து நிதானிக்கிறது. அங்கே பகட்டு மீனை விரட்டிவிடும். அந்நீரில் அது அன்றாடம் தின்னும் உயிரின் நிறம், அளவு, நடை எதுவோ அதையே பொய்யிரையும் பூண்டிருக்க வேண்டும். கெண்டைக் குஞ்சு மிகுந்த குட்டையில் வெள்ளி மங்கிய கெண்டை. தவளை மிகுந்த கரையோரத்தில் பாசி நிறத் தவளை. மீன் ஐயப்படாத ஒரே பொருள் அதற்குப் பழகின பொருள்தான்.

அடுத்து, நரம்பு தெரியக்கூடாது. நீரில் ஒளி வளையும் அளவை 1.33 என்று கணக்கிடுகிறார்கள். சாதாரண நைலானுக்கு அது 1.5ஐ ஒட்டியிருக்கிறது, ஃப்ளூரோகார்பன் என்னும் நரம்புக்கு 1.42. நீரின் அளவை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு கண்ணுக்கு மறைந்துபோகும். ஆகவே முன்னுனியில் அதைக் கட்டுகிறார்கள். கூடுமானவரை மெல்லியதாகவும் கட்டுகிறார்கள்.

அதைக்காட்டிலும் முக்கியமாக, பிடிக்கிறவன் தெரியக்கூடாது. நீருக்கடியிலிருந்து மேல்நோக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரியுமாம். நிமிர்ந்து நிற்பவன் அச்சாளரத்தில் தோன்றிவிடுவான். எனவே தொலைவில் நின்று, குனிந்து, நிழல் நீரில் விழாதபடி, நீண்ட வீச்சாக வீச வேண்டும். விடியற்காலையும் அந்திப்பொழுதும் மேகமூட்டமும் நல்லவை. இளங்காற்று வீசி நீர்ப்பரப்பு சிலிர்த்தால் இன்னும் நல்லது. பொய்யிரையை இழுக்கும்போது ஒன்று, மீன் உற்றுப் பார்க்க நேரமில்லாதபடி விரைவாக இழுக்க வேண்டும். அல்லது உயிருள்ளது இளைப்பாறுவதுபோல் நிறுத்தி நிறுத்தி இழுக்க வேண்டும்.

கடைசியாக அந்தத் தவளையை என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே வெற்றிடமுள்ள மிருதுவான உடல். அதன் முதுகோடு ஒட்டியபடி இரண்டு முட்கள் மேல்நோக்கி வளைந்திருந்தன. விரலால் தடவினேன், குத்தவில்லை. "அழுத்திப் பாருங்க ஐயா" என்றார். அழுத்தினேன். உடல் தாழ்ந்தது, முட்கள் எழும்பி நின்றன. பாசியிலும் தாமரைத் தண்டிலும் சிக்காதிருக்க அப்படிச் செய்கிறார்களாம். மீன் கவ்வும்வரையில் முள் இல்லை என்றே சொல்லலாம். கவ்வுகிற வாய்தான் முள்ளை வெளியே கொண்டுவருகிறது.

யாக்கோபு தம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் மனிதன் எவ்விதமாய்ச் சோதிக்கப்படுகிறான் என்று விளக்கும்போது பயன்படுத்திய கிரேக்கச் சொற்களில் ஒன்று, இரை என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. இரைகாட்டி ஈர்ப்பது என்பது அதன் பொருள். அதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். தூண்டிலை வீசுகிறவனைக் காட்டிலும், நம்முள்ளே இருந்து நம்மை இழுக்கும் விருப்பத்தைப் பற்றியே அவர் அங்கே பேசுகிறார் என்றும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தத் தவளையை அழுத்திப் பார்த்தபோதுதான் அப்பகுதி என் விரலில் குத்தியது. பொய்யிரையில் உள்ள பலத்தில் பாதி மீனிடத்திலேயே இருக்கிறது.

இந்தக் கலை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பேஸ் என்னும் மீனைச் சுற்றி வளர்ந்தது என்று அவர் சொன்னார். அகன்ற வாயுடைய அந்த மீன் நம் நாட்டு நீர்நிலைகளுக்கு உரியதல்ல. அங்கே அதைப் பெரியதாகப் பிடிப்பது ஒரு பெருமை. 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்னும் இளைஞர் பிடித்த பேஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பமாக உண்டுவிட்டார்கள். அந்தச் சாதனையைத் தொட 77 ஆண்டுகள் ஆயின. 2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் அதற்கு இணையான மீனைப் பிடித்தார். நம் ஊரில் அந்தப் பேஸின் இடத்தில் இருப்பது விரால். தவளைமீது பாய்கிற அதே வேகம், அதே முரட்டுத்தனம். தாம்பரத்து வாலிபர்கள் விராலுக்காகவே பொய்யிரை வாங்குகிறார்கள்.

விராலுக்கு ஒரு பலவீனம் உண்டு. செவுளால் மாத்திரம் அது உயிர் வாழ முடியாது. மூச்சு வாங்க நீரின் மேற்பரப்புக்கு வந்தே தீர வேண்டும். எழும்பிய இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு அதற்கப்பால் வீசி, அதன் வழியே தவளையை நடத்திவருவார்கள். அன்று அவ்வாறே அவர் ஒரு கிலோ எடையுள்ள விரால் ஒன்றைப் பிடித்து, கையை நனைத்துக்கொண்டு அதைத் தாங்கி, முள்ளை எடுத்து, நீரில் விட்டார். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியபோது பாறை ஓரத்தில் ஒரு காட்சியைக் கண்டேன். ஓரிடத்தில் மட்டும் மழைத்துளி விழுவதுபோல் நீர் சிலிர்த்துக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் செந்நிறமாய் ஓர் உருண்டை. விரல் நகத்தளவு உயிர்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றாய்த் திரண்டு நகர்ந்தன. விரால் குஞ்சுகள். அவை மூச்சு வாங்க மேலே வந்து வந்து மறைந்தன. அவற்றுக்குக் கீழே, தெளிந்த நீரில், என் முழங்கையைவிட நீளமான ஒரு கருநிழல் அசையாமல் நின்றது. அருகே இன்னொன்று.

"தம்பி, மூன்று கிலோ இருக்கும்போலிருக்கிறதே!" என்றேன். இரண்டு மணிநேரம் வெறுங்கையாய் நின்றவனுடைய ஆசை என் குரலில் இருந்தது.

அவர் பார்த்தார். கையிலிருந்த கோலைப் பாறைமேல் வைத்தார். "இருக்கும் ஐயா. அந்தக் குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவே தவளையை இழுத்தா, நிச்சயமா அடிக்கும். பசிக்காக இல்லே. குஞ்சைத் தின்ன ஏதோ வருதுன்னு அடிக்கும். நம்மைப் பார்த்துட்டாக்கூட ஓடாது. ஆனா நான் அதைப் பிடிக்கறதில்லே."

ஏன் என்று கேட்டேன். முதலாண்டில் ஒருமுறை அப்படிப் பிடித்ததாகவும், அதுவே தாம் பிடித்தவற்றில் மிகப் பெரியது என்றும், படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியதாகவும் சொன்னார். அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இரண்டு நாள் கழித்து அதே இடத்திற்குப் போனபோது செந்நிற உருண்டை சிதறியிருந்தது. பாறை இடுக்குகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சில குஞ்சுகள். ஜிலேபிகள் அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. "பொய்யிரையிலே ஏமாந்திருந்தா அது என் திறமை ஐயா. அது ஏமாறலே. பிள்ளையைக் காக்க வந்தது" என்றார்.

வீட்டிற்கு வந்து இதைப் பற்றி வாசித்தேன். பேஸ் மீனிலும் இதே நிலை. ஆண் மீன் ஆழமற்ற தெளிந்த நீரில் கூடமைத்து முட்டைகளைக் காத்து நிற்கும். மீன் கண்ணுக்கே தெரியும், ஆனாலும் ஓடாது. முட்டை திருடும் சிறுமீனின் உருவில் பொய்யிரை செய்து கூட்டின் நடுவே வைத்தால் எவ்வளவு பெரிய மீனும் அதை அப்புறப்படுத்த வாயில் எடுக்கும். அந்தச் சில நிமிடங்களுக்குள் காவலற்ற கூட்டை உண்மையான திருடர்கள் காலிசெய்துவிடுவதும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் சில பகுதிகளில் முட்டைக்காலம் கடக்கும்வரையில் பேஸ் பிடிக்கத் தடை இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அன்புக்குரியவர்களே, அன்று திரும்பும் வழியில் நான் அதிகம் பேசவில்லை. வெயிலில் களைத்துவிட்டேன் என்று அந்த வாலிபர் எண்ணியிருப்பார். என் மனக்கண்முன் நின்றது வேறொன்று.

கடந்த மழைக்காலத்தில் நம் மண்டபக் கூரை ஒழுகியதையும், அறுப்பின் பண்டிகைக்குள் தொகை சேர வேண்டும் என்று நான் பரபரத்ததையும் நீங்கள் அறிவீர்கள். அப்பொழுது நம் சபைத் தாயார் ஒருவரின் வீட்டிற்குச் சென்றேன். அவரை இன்னார் என்று அறியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய இசைவோடுதான் எழுதுகிறேன். அவருடைய மகன் படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகளாக வேலையின்றி இருந்தான். மறைமலைநகருக்கும் ஒரகடத்திற்கும் நேர்முகத் தேர்வுக்குப் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தான். அந்த அம்மாவின் ஜெப விண்ணப்பங்கள் எல்லாம் அந்த ஒரு பிள்ளையைச் சுற்றியே இருந்தன. போதகர் என்ற முறையில் அதை என்னைக்காட்டிலும் நன்றாய் அறிந்தவர் இல்லை.

கூரையின் செலவைக் குறித்து நான் சொன்னபோது அவர் அனுதாபத்தோடு கேட்டார். ஐந்நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்காக ஒரு பொருத்தனை செய்யுங்கள் அம்மா. நீங்கள் கர்த்தருக்குக் கையைத் திறந்தால், உங்கள் பிள்ளைக்குக் கதவு திறக்கும்" என்றேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அவர் இரண்டு வளையல்களைக் காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார். அவர் முகத்தில் இருந்தது பக்தி என்று எண்ணினேன். அதை ஒரு சாட்சியாகக் கமிட்டியில் சொன்னேன். என் ஊழியத்தின் கனி என்றே மகிழ்ந்தேன்.

அந்தச் செந்நிற உருண்டையின் கீழே நின்ற கருநிழலைப் பார்த்தபோதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது. நான் பொய்யன் அல்ல. கூரை உண்மையாகவே ஒழுகியது. நான் பேசிய ஒவ்வொரு சொல்லும் அந்த அம்மாவுக்குப் பழகின சொல்: பொருத்தனை, கர்த்தர், பிள்ளை, கதவு. பகட்டான எதையும் நான் காட்டவில்லை. தெளிந்த நீருக்கு ஏற்ற நிறத்தைத் தெரிந்தெடுத்தேன். அவர் எங்கே காவல் நிற்கிறார் என்று அறிந்து, அந்த இடத்தின் நடுவே என் தூண்டிலை இழுத்தேன். அவர் ஏமாறவில்லை. பிள்ளையைக் காக்க வந்தார்.

முள்ளை எடுப்பதைப் பற்றி அந்த வாலிபர் சொன்ன ஒன்றை இங்கே எழுதவேண்டும். கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடிக்க வேண்டும். உலர்ந்த கை அதன் மேல் உள்ள வழுவழுப்பை உரித்து நோய்க்கு வழிவிடும். முள்ளை நம் பக்கமாக இழுக்கக்கூடாது, வாய் கிழிந்துவிடும். அது உட்புகுந்த வழியே திருப்பித் தள்ளித்தான் எடுக்க வேண்டும். அவசரப்படக்கூடாது, தாமதிக்கவும் கூடாது.

திங்கட்கிழமை மாலை அந்த அம்மாவின் வீட்டிற்குச் சென்றேன். வளையல்கள் இன்னும் விற்கப்படாமல் பொருளாளரிடம் இருந்தன. நடந்ததை முன்னரே கமிட்டித் தலைவர்களிடம் சொல்லி, அவர்கள் இசைவோடு அவற்றைக் கொண்டுபோயிருந்தேன். மேசைமேல் வைத்து, "அம்மா, நான் உங்களிடம் பேசிய விதம் சரியல்ல. இதைத் திரும்ப வைத்துக்கொள்ளுங்கள். என்னை மன்னியுங்கள்" என்றேன்.

அவர் வளையல்களைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்போ என் பிள்ளைக்கு வேலை கிடைக்காதா ஐயா?"

அன்பானவர்களே, என் ஊழியத்தில் பல கடினமான கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். இதைப்போல் ஒன்று என்னைத் தாழ்த்தியதில்லை. வளையல்கள் மேசைமேல் இருந்தன. முள் இன்னும் உள்ளே இருந்தது. தேவன் வேலையை விற்கிறவர் என்றும், அதன் விலை இரண்டு வளையல் என்றும் நான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். இப்போது விலையைத் திருப்பிக் கொடுத்தால் பொருளும் போய்விடும் என்று அவர் அஞ்சினார். நான் எவ்வழியே அதை உள்ளே செலுத்தினேனோ அவ்வழியே, சொல் சொல்லாக, திருப்பி எடுக்கவேண்டியிருந்தது. கதவைப் பற்றி நான் சொன்னது என் வாக்கு, கர்த்தருடைய வாக்கு அல்ல என்றேன். தேவனுடைய ஈவைப் பணத்தால் கொள்ளலாம் என்று நினைத்த சீமோனைப் பேதுரு கடிந்துகொண்டதை அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்திலிருந்து எடுத்துக்காட்டி, அந்தச் சீமோன் இங்கே நான்தான், நீங்கள் அல்ல என்றேன். வளையல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் பிள்ளை அவர் கண்களுக்கு மறைவானவன் அல்ல என்றேன். வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் அவர் அழுதார். அதன்பின் வளையல்களை எடுத்து உள்ளே வைத்தார். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

இதற்குப் பின் மகனுக்கு நல்ல வேலை கிடைத்தது என்று முடிப்பது நம் சாட்சிகளின் வழக்கம். இதை எழுதும் இன்றுவரையில் அவனுக்கு நிரந்தர வேலை அமையவில்லை. அதை மறைக்காமல் எழுதும்படி அந்த அம்மாவே சொன்னார். அவனுக்காக ஜெபியுங்கள். உங்கள் நிறுவனங்களில் இடம் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

அன்று இரவு சுவிசேஷங்களை மீன்பிடிப்பவனின் கண்ணோடு மீண்டும் வாசித்தேன். கலிலேயா கடலோரத்தில் ஆண்டவர் சீமோனையும் அந்திரேயாவையும் அழைத்து மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்குவேன் என்ற பொருள்படச் சொன்னபோது அவர்கள் கையில் இருந்தது வலை. வலையில் இரை இல்லை. எவருடைய பசியையும் பாசத்தையும் அது பயன்படுத்திக்கொள்வதில்லை. பேதுருவும் மற்றவர்களும் இரா முழுவதும் பாடுபட்டதாக லூக்கா எழுதுகிறார். தெளிந்த நீரில் பகலில் சணல்நார் வலையின் இழைகளை மீன்கள் கண்டு விலகிவிடும், ஆகவே இரவில் வலை வீசினார்கள் என்று சிலர் விளக்குவதுண்டு. ஆண்டவரோ பகல் வெளிச்சத்தில் வலையைப் போடச் சொன்னார். புதிய ஏற்பாட்டில் தூண்டில் போடும் நிகழ்ச்சி ஒன்றே ஒன்று: கப்பர்நகூமில் வரிப்பணத்துக்காகப் பேதுரு ஒரு மீனைப் பிடித்தது. மனிதரைப் பிடிக்க அவர் எவர் கையிலும் தூண்டிலைக் கொடுத்ததாக நான் வாசிக்கவில்லை.

அதைவிட ஆச்சரியமானது லூக்கா பதினான்காம் அதிகாரம். பின்பற்றி வர விரும்பிய திரளான கூட்டத்தாரிடம், கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதுபோல் நீங்களும் பாருங்கள் என்கிறார். முள்ளை மேலே வைத்துக் காட்டுகிறார். ஒரு கூரையின் செலவைச் சேர்க்கப் புறப்பட்ட நான், அந்தத் தாயாருக்குக் கணக்கைக் காட்டாமல் முள்ளை மறைத்தேன். என் எஜமான் செய்யாத ஒன்றை அவர் பெயரால் செய்தேன்.

உங்களுக்கு இதில் இரண்டு காரியங்கள் உண்டு என்று நினைக்கிறேன்.

முதலாவது, நீங்கள் எங்கே காவல் நிற்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். நீங்கள் வெறுக்கும் பாவத்தின் உருவில் சோதனை வராது. தெளிந்த நீரில் பகட்டு நிறம் விலைபோகாது. பிள்ளையின் கல்லூரி இடம், மகளின் திருமணம், முதிர்ந்த தாயின் மருத்துவம் ஆகிய நல்ல அன்பின் நிறத்தில் வரும். உடனே பணம் கட்டினால் இடம் உறுதி என்று தொலைபேசியில் பேசுகிறவனும், என்னைப்போல் வேதவசனத்தின் சாயலில் பேசுகிறவனும், நீங்கள் எதைக் காக்கிறீர்கள் என்பதை முதலில் அறிந்துகொண்டே வீசுகிறார்கள். அவசரப்படுத்தினால் ஐயப்படுங்கள், உற்றுப் பார்க்க நேரமில்லாதபடி இரையை விரைந்து இழுப்பது தூண்டில்காரனின் முறை. ஓர் இரவு பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, உங்கள் கையில் உள்ள தூண்டிலை அறிந்துகொள்ளுங்கள். ஒருவரை நாம் எவ்வளவு நன்றாய் அறிகிறோமோ, அவர் எதற்கு வாய் திறப்பார் என்பதையும் அவ்வளவு நன்றாய் அறிகிறோம். கணவன் மனைவியையும், மாமியார் மருமகளையும், மேலாளர் ஊழியரையும், போதகர் சபையையும் அப்படி அறிந்திருக்கிறார்கள். அந்த அறிவு நமக்கு ஒப்புவிக்கப்பட்டது. "பிள்ளைகளுக்காகவாவது" என்று தொடங்கும் பேச்சுகளை நீங்கள் பேசியிருந்தால், அந்தச் சொல்லின் முதுகில் என்ன மடிந்திருக்கிறது என்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கூரையைப் பொறுத்தவரையில், கமிட்டி ஒரு தீர்மானம் செய்திருக்கிறது. இனி நன்கொடைக்காக நான் வீடுகளுக்கு வரமாட்டேன். மொத்தச் செலவும் இதுவரை சேர்ந்ததும் அறிவிப்புப் பலகையில் எழுதப்படும். வாசலில் ஒரு பெட்டி இருக்கும். எவர் எவ்வளவு கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. பீடத்திலிருந்து பெயர்கள் வாசிக்கப்படவும் மாட்டா. அடுத்த மழைக்குள் தொகை சேராவிட்டால், நாம் வாளிகளை வைத்துக்கொண்டு ஆராதிப்போம்.

சென்ற வாரம் அந்த வாலிபரிடம் அந்த விரால்களைப் பற்றிக் கேட்டேன். குஞ்சுகள் சுண்டுவிரல் அளவுக்கு வளர்ந்து, செந்நிறம் மங்கி, கூட்டம் கலையத் தொடங்கிவிட்டதாம். இனி அந்தப் பெரிய மீன் ஐயப்படும், ஒளிந்துகொள்ளும், எளிதில் அகப்படாது. "இப்போ வீசலாம் ஐயா, இப்போதான் அது விளையாட்டு" என்று சிரித்தார். இன்னொரு சனிக்கிழமை என்னையும் வரச்சொல்லியிருக்கிறார். போகலாம் என்றிருக்கிறேன்.

ஜெபம்:

எங்களை முற்றிலும் அறிந்திருந்தும் அந்த அறிவை எங்களுக்கு விரோதமாய்ப் பயன்படுத்தாத ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம். நாங்கள் காத்துநிற்கும் பிள்ளைகளை உம்முடைய கரத்தில் வைக்கிறோம். அவர்களைக் காட்டி எங்களை இழுக்கிறவர்களை நாங்கள் அறிந்துகொள்ளும்படி கண்களைத் தெளிவாக்கும். எங்களை நம்பித் தங்கள் பாரங்களைச் சொன்னவர்களிடத்தில் நாங்கள் தூண்டிலோடு நிற்காதபடி எங்கள் கைகளைக் காத்தருளும். நாங்கள் குத்திய முட்களைப் பொறுமையோடு எடுக்க எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்